சாயங்காலத்துப் போன்

— நேத்து காலைல நீங்க வேலை பாக்கிற கட்டடத்துல மூணு மாடி ஏறியிருக்கீங்க. நெஞ்சுல மாட்டிவிட்ட பெட்டியில துடிப்பு ஒழுங்காத்தான் பதிவாயிருக்கு.

— லிப்ட் ரிப்பேர் பண்றவன் படியிலதான் ஏறணும் டாக்டர். எங்க பொழப்பு அப்படி.

— சிரிக்காதீங்க. வேலைக்குப் போகலாம்னு நான் இன்னும் சொல்லலையே. மத்தியானம் யாரோட சண்டை?

— பக்கத்து வீட்டுக்காரரோட. தண்ணி மோட்டாருக்காக.

— அதுகூடப் பரவாயில்லை. சாயங்காலம்தான் தாறுமாறா ஓடியிருக்கு. அப்ப என்ன பண்ணிட்டிருந்தீங்க?

— சும்மா நாற்காலியில உட்கார்ந்திருந்தேன். வெளியூர்லேருந்து பையன் போன் பண்ணினான். "சாப்பிட்டீங்களா அப்பா"ன்னு கேட்டான்.

— அதுக்கா இந்த ஓட்டம்? இங்க பாருங்க. அட்டாக் வந்த இடம் தழும்பாயிடுச்சு. மனசு கலங்கினா மூளை இதயத்துக்கு அவசரச் சேதி அனுப்பும். நல்ல இதயம் தாங்கிக்கும். தழும்புல அந்தச் சேதி சிக்கிக்கிட்டா தாளம் குலையும். அப்படியே நின்னாலும் நிக்கும்.

— மோட்டார்ல காயம், கன்ட்ரோல் போர்டு பதறுது. புரியுது.

— புரிஞ்சா சொல்லுங்க. எதை மறைக்கிறீங்க?

— மறைக்கிறது நான் இல்லை. வெளியில உட்கார்ந்திருக்காளே, என் வீட்டுக்காரி, அவதான். மெதுவாப் பேசுவோம். போன்ல பேசறது என் அக்கா மகன். குரல் அச்சு அசல் எங்க பையனோடது.

— அப்ப உங்க பையன்?

— எனக்கு நெஞ்சு வலிச்ச அன்னைக்கு ஆம்புலன்ஸ்லேருந்து நான்தான் அவனைக் கூப்பிட்டேன். "பைக்ல வந்துட்டே இருக்கேன், முதலாளி"ன்னான். ஒரு ஸ்பேனர்கூடச் சொந்தமா இல்லாத என்னை, பேச ஆரம்பிச்ச காலத்துலேருந்து அவன் கூப்பிடறது அப்படித்தான். வந்து சேரலை டாக்டர்.

— யார் சொன்னாங்க உங்ககிட்ட?

— யாரும் சொல்லலை. அவ குழாயைத் திறந்துவிட்டுட்டு அழறா. தண்ணிச் சத்தத்துல எனக்குக் கேக்காதுன்னு நினைப்பு.

— தெரியும்னு அவங்ககிட்ட சொல்ல வேண்டியதுதானே?

— அதிர்ச்சி தாங்க மாட்டேன்னு அவகிட்ட சொல்லி அனுப்பினது நீங்கதானே? என்னைக் காப்பாத்தறோம்கிற ஒண்ணுலதான் அவ நடமாடிட்டிருக்கா. போன் வந்து நான் சிரிச்சுப் பேசி முடிச்சாத்தான் தட்டுல சோறு போட்டுக்கறா. அதையும் பிடுங்கவா?

— சிரிச்சுப் பேசற அந்த நேரத்துலதான் உங்க உயிர் ஊசலாடுது. மாத்திரை பாதி வேலைதான் செய்யும். மீதியை நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து அழுதுதான் தீர்க்கணும்.

— மாத்திரையைக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்க டாக்டர்.

— கூட்டறதுக்கு இனி இடம் இல்லை.

— உள்ளே வரலாமா டாக்டர்? ரொம்ப நேரமாச்சேன்னு பயந்துட்டேன். இவருக்கு ஒண்ணும் இல்லையே?

— வாங்கம்மா.

— மத்த நேரம் எப்படியோ, சாயங்காலம் நல்லா ஓடியிருக்கும், பாருங்க. பையன் போன் பண்ற நேரம். அப்பதான் இவர் முகமே தெளியும்.

— நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?

— நானே சொல்றேன் டாக்டர். இங்க வா, என் பக்கத்துல உட்காரு. கையைக் கொடு. நம்ம பையன் என்னைக்காவது என்னை அப்பான்னு கூப்பிட்டிருக்கானா?