மாசம் நூறு நிமிஷம்

எங்கட வீட்டு போன்ல சத்தம் நல்லாத் தெளிவாக் கேட்கும், சேர். இன்டர்நெட் பொட்டியில கொழுவின போன். வாப்பாக்குக் கைபோன் சரிவராது, கண் மங்கல். இதில பட்டன் பெருசு. மாசத்துக்கு நூறு நிமிஷம் தருவாங்க. அது முடிஞ்சா வாற கோல் வரும், இங்கயிருந்து ஒண்டும் போகாது. அடுத்த முதலாந் திகதி மட்டும் பொறுக்கணும்.

இருபத்திரண்டு வருஷமா மாம்புரித் தோட்டத்தில நானும் வாப்பாவும் மட்டுந்தான். அவருக்குச் சோறாக்கினது, குளிப்பாட்டினது எல்லாம் நான். தங்கச்சி ஷஃபீனாக்குப் புத்தளம் வீட்டைச் சீதனமாக் குடுத்தாச்சு. எங்கட பக்கத்து வழக்கம் அது, நான் வாயே திறக்கல்ல. தோட்டம் எனக்கெண்டு வாப்பாவே சொல்லியிருந்தாரு.

போன திங்கக்கிழமை அவர் தங்கச்சியோட கதைக்கிறத வாசல்ல நிண்டு கேட்டேன்.

"தோட்டத்தையும் உன்ட பேருக்கே எழுதுறேன் மக. ஜபாருக்கு எதுக்கு? கலியாணம் முடிச்சானா, புள்ளகுட்டி இருக்கா? வியாழக்கிழமை உறுதி எழுதுற நொத்தாரிசைக் கூட்டிட்டு வா."

நான் ஏன் கலியாணம் முடிக்கல்ல எண்டு அவருக்குத் தெரியும். உள்ளுக்குப் போய்த் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தேன்.

செவ்வாய் பகல் அவர் தூங்கக்குள்ள, வீட்டு போன்ல இருந்து என்ட கைபோனுக்கு எடுத்தேன். நானே ஆன்சர் பண்ணி, ரெண்டையும் மேசையில வச்சிட்டு வெங்காயம் உரிச்சேன். ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. பிறகு தானாக் கட்டாச்சு.

"என்ன மகன், இந்த மாசம் நிமிஷம் இவ்வளவு சுருக்கா முடிஞ்சிட்டு?" எண்டு பின்னேரம் கேட்டாரு.

"நீங்கதானே வாப்பா, ஷஃபீனாவோட கதைச்சுக் கதைச்சு முடிச்சீங்க."

"ஓம், என்ட வாய்தான்" எண்டு சிரிச்சாரு.

ஷஃபீனா டீச்சர். பள்ளிக்கூடம் விட்டு ரெண்டு மணிக்குப் பிறகுதான் எடுப்பா. புதன்கிழமை பத்து மணிக்கு நான் தோட்டத்துக்கு இறங்கினேன். புடுங்கிப் போட்ட மிளகாய்ச் செடியெல்லாம் காய்ஞ்சு கிடந்தது. எப்பவும் கிழக்கு மூலையில போட்டுத்தான் எரிக்கிறது. அண்டைக்கு வீட்டுக்கு மேற்குப் பக்கம் குவிச்சு நெருப்பு வச்சேன். கச்சான் காத்து கடல் பக்கமிருந்து நல்லா அடிச்சுது. புகை முழுக்க அவர்ட யன்னலுக்குள்ள போச்சு.

வாப்பாக்கு முட்டு வருத்தம் இருந்தது. மூச்சு இழுத்தா உறிஞ்சிற பம்ப் எப்பவும் தலகணிக்குப் பக்கத்தில இருக்கும். அண்டைக்கு அது என்ட சேர்ட் பொக்கட்டில இருந்தது. நான்தான் எடுத்து வச்சேன்.

பன்னிரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தேன். மூச்சில்ல, மௌத்தாகியிருந்தாரு. போன் அவர்ட கையில. பம்பைப் பழைய இடத்தில வச்சேன்.

ஷஃபீனாக்குத்தான் எடுக்கப் பார்த்திருப்பாரு எண்டு நினைச்சேன். இப்ப இந்தப் பொலிஸ் ஸ்டேஷன்ல நீங்க அந்த போனைக் கொண்டு வந்து, அவர் அண்டைக்கு அமத்தின நம்பரெல்லாம் காட்டுறீங்க. பதினொரு தரம். பதினொண்டும் என்ட நம்பர்.

எனக்கு ஒரு கோலும் வரல்ல, சேர். கைபோனும் பம்போட அதே பொக்கட்டிலதான் இருந்தது. கோல் வந்திருந்தா ஓடிப் போயிருப்பேன். வாப்பா கூப்பிட்டு நான் போகாம இருந்ததே இல்ல.