பத்தொன்பது வீட்டு வருகை அட்டைகள்

நலவாழ்வு நிலையத்தின் நல்விளக்கே! நடந்து நடந்தே செருப்புக்கடைக்காரரை வாழவைத்த நாயகியே! எங்கள் செவிலியர் அக்காவே, வணக்கம்!

முப்பத்து நான்கு ஆண்டுகளில் நீங்கள் ஏறாத படியில்லை, தட்டாத கதவில்லை. வண்டியில் ஏறச் சொல்லும் ஓட்டுநரை, அந்தச் சந்தில் வண்டி நுழையுமா என்ற ஒரே பார்வையால் வாயடைக்கச் செய்துவிடுவீர்கள்.

மக்கள் பங்கேற்பின் மாண்பே! படுத்த படுக்கையான பத்தொன்பது பேருக்கு மேலிடம் திட்டம் தீட்டியது. அவர்களையே கேட்டு அதைத் திருத்தியவர் நீங்கள். எழுந்து வர முடியாதவர்களுக்காக நோயாளர் குழுக் கூட்டத்தையே கட்டிலுக்குக் கட்டில் கொண்டுபோனீர்கள். வருகை அட்டை நம் அலமாரியில் அல்ல, தங்கள் தலைமாட்டில் தொங்க வேண்டும் என்று அவர்கள் முடிவெடுத்தார்கள். அட்டையின் ஒரு கட்டத்தில் வந்தவர் கையெழுத்து. மறு கட்டத்தில், வந்தவர் முகத்தைப் பார்த்த பிறகே நோயாளி வைக்கும் கைநாட்டு. டிமிக்கி கொடுக்க வழியில்லாத அந்த ஏற்பாடு எங்களுக்குப் பிடிக்கவே இல்லை.

ஓய்வறியா உழைப்பே! சென்ற ஆண்டு காய்ச்சல் கண்டு, கழுத்தில் துளையிட்டுச் செருகிய குழாயோடு நாற்பது நாள் நினைவின்றிக் கிடந்தீர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக்கு வெளியே நின்று அழுதோம். ஆனால் நீங்கள் போய்வரும் அந்தப் பத்தொன்பது வீடுகளுக்கு எங்களில் ஒருவரும் போகவில்லை. மற்றவர் போவார் என்று ஆளாளுக்கு இருந்துவிட்டோம். அவையறிய ஒப்புக்கொள்கிறோம்.

நாற்பத்தோராம் நாள்தான் அது தெரிந்து பதறிப்போய் ஓடினோம். ஒருவர் முதுகிலும் படுக்கைப்புண் இல்லை. வாரம் இருமுறை கணக்கில் பதினோரு வருகை. பத்தொன்பது அட்டைகளிலும் பதினோரு முறை உங்கள் கையெழுத்து, பக்கத்தில் கைநாட்டு.

இடுப்புக்குக் கீழ் அசைவற்ற தையல்காரர் எங்களைத்தான் விநோதமாகப் பார்த்தார். "அக்கா வந்தாங்களே. புரட்டிப் படுக்கவச்சாங்க, மருந்து போட்டாங்க. கழுத்துல கட்டு போட்டிருந்தாங்க, அதான் பேச முடியல போல" என்றார். கழுத்துக் கட்டைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

நினைவு திரும்பியதும், நடக்காத காலில் ஏன் கொப்புளம் என்று கேட்டீர்கள். எங்களுக்குப் பதில் தெரிந்திருந்தது. பயம் பாதி, வெட்கம் பாதி, இன்றுவரை மறைத்தோம்.

இப்போது நீங்கள் ஓய்வு பெறும் வேளையில், உங்கள் பணியிடத்தை நிரப்பப் போவதில்லை என்று ஆணை வந்திருக்கிறது. குழு கூடியபோது தையல்காரர் மட்டும் கலங்கவில்லை. "யாரும் வரலன்னா அக்கா வருவாங்க" என்றார். உங்கள் கால்களை நினைத்து எங்களுக்கு அழுகை வந்தது.

ஆகவே, அன்பின் அணையா ஊற்றே, வீடுகளைப் பிரித்துக்கொண்டோம். ஓட்டுநருக்கு நான்கு, மருத்துவர், எழுத்தர், மருந்தாளுநர் மூவருக்கும் ஐந்தைந்து. குழு ஒப்புதல் தந்துவிட்டது. அட்டைகள் எங்களைக் கண்காணிக்கும்.

நோய்நொடியின்றி நூறாண்டு வாழ்க! காலை நீட்டிக் கண்ணயர்க! நாளை கதவுகளை நாங்கள் தட்டுவோம்.

கட்டிலில் கிடந்த நீங்களும் கதவைத் தட்டிய நீங்களும், இருவரும் ஓய்வெடுங்கள்.

இங்ஙனம்,
நாற்பது நாள் போகாதிருந்த,
நலவாழ்வு நிலையப் பணியாளர்கள்