பொகோட்டாவுக்கு மோசமான ரூட்டு

இல்லம்மா, நல்ல ரூட்டக் காட்டாதீங்க. அது வேணாம். இருக்கறதுலயே மோசமான ரூட்டு எதுவோ, அத எடுங்க. பொகோட்டா. ஆமா, கொலம்பியா, தென் அமெரிக்கா. ஏம்மா சிரிக்கிறீங்க, நான் சீரியஸாத்தான் கேக்கறேன். நாலு எடத்துல எறங்கி ஏறணும், ஒவ்வொரு எடத்துலயும் பத்து மணி நேரம் பெஞ்சுல உக்காரணும். அந்த மாதிரி ஒண்ணு இருக்குமில்ல?

எனக்கில்லம்மா. என் மிஸஸுக்கு. ஞானாம்பாள்னு பேரு. இன்னைக்கோ நாளைக்கோ டிக்கெட் போட உங்ககிட்டதான் வருவா, தாம்பரத்துல அவளுக்குத் தெரிஞ்ச டிராவல்ஸ் இது ஒண்ணுதான். வந்தா அந்த ரூட்ட மட்டும் ஸ்கிரீன்ல காட்டுங்க. அவளே வேணாம்னு எழுந்து வந்துடுவா. நான் வந்து சொன்னேன்னு மட்டும் மூச்சு விட்டுடாதீங்க.

பொண்ணுக்கு அங்க பிரசவம். அடுத்த மாசம். இவ போய் ஆறு மாசம் இருக்கப் போறாளாம். தனியா! பீச் போற ட்ரெயின்ல லேடீஸ் கோச் எங்க நிக்கும்னு இன்னைக்கும் என்னத்தான் கேப்பா. அவ கொலம்பியா போறாளாம்.

நான் ஆடிட் செக்‌ஷன்மா. முப்பத்தொரு வருஷம். ஒரு ஃபைல் என் டேபிளுக்கு வந்து அப்ஜெக்‌ஷன் இல்லாம வெளில போனதா சரித்திரமே கிடையாது. ஒண்ணுமே கெடைக்கலன்னா தேதிக்குப் பக்கத்துல இனிஷியல் இல்லன்னு எழுதுவேன். அசரியான்னு ஒரு சூப்பரின்டென்டென்ட் இருந்தார். வைத்தீஸ்வரா, உன் கல்யாணப் பத்திரிகையவே நீ திருப்பி அனுப்பியிருப்படாம்பார். அத நான் பாராட்டாவே எடுத்துப்பேன்.

அதே மாதிரி இந்தப் பயணத்துக்கும் ஒரு நோட்டு போட்டு ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வெச்சேன். ஒண்ணு, ஊரு ஊட்டிய விட ஒசரம், மூச்சு வாங்கும், பருப்பு வேகாது. மறுநாளே குக்கர எடுத்து சூட்கேஸ்ல வெச்சுட்டா. ரெண்டு, பாஷை தெரியாது. அதுக்கு போன்ல ஸ்பானிஷ் கத்துக்கறா. காலைல பால்காரர்கிட்ட கிராசியாஸ்ங்கறா. அவரு பாவம், இது என்னமோ நல்ல வார்த்தைதான்னு சிரிச்சுட்டுப் போறாரு. மூணாவதா, நமக்கும் அவங்களுக்கும் பத்தரை மணி நேரம் வித்தியாசம், கெளம்பறதுக்கு எந்த ஊர் ராகு காலத்தப் பாக்கறதுன்னு கேட்டிருந்தேன். நியாயமான கேள்விதானே? அதே பேப்பர்ல கீழ எழுதியிருக்கா, நீங்க கூட வரலன்னா ரெண்டு ஊர்லயும் நல்ல நேரம்தான்னு.

பாத்தீங்களா, நீங்களும் சிரிக்கிறீங்க.

செம்பாக்கம் ஏரிகிட்ட வாக்கிங் போறப்போ சாம்பசிவன்னு ஒருத்தர் வருவாரு. சிங்கப்பூர்ல நாலு நாள் இருந்துட்டு வந்தவரு. அதுலேர்ந்து மூணு வருஷமா எந்தப் பேச்சையும் அப்ராட்ல எல்லாம்னுதான் ஆரம்பிப்பாரு. நாய் குறுக்க வந்தாக்கூட அப்ராட்ல எல்லாம்தான். அவரு கேக்கறாரு, ஏன் சார், மேடம் மட்டும் போறாங்க, நீங்க போகலியான்னு. எனக்கு பிரஷர், சுகர்னு சொல்லிட்டேன். ரெண்டும் இல்லம்மா எனக்கு. மாஸ்டர் செக்கப்புல அந்த டாக்டரே அசந்து போயிட்டாரு.

என்னது?

நேத்தே வந்துட்டாளா? டிக்கெட்டே போட்டாச்சா? எங்கிட்ட டெய்லர் கடைக்குப் போறேன்னுல்ல சொன்னா! எத்தன எடத்துல மாறணும்? ஒரே எடமா? ஜன்னல் சீட்டு வேற கேட்டு வாங்கினாளா. நல்லா இருக்கே கதை. ஆடிட்டுக்கே வராம ஃபைல பாஸ் பண்ணிட்டா பாருங்க.

இல்லல்ல, உங்க மேல என்ன தப்பு. ஒரு டம்ளர் தண்ணி குடுங்க, போதும்.

நான் ஏன் போகலியா? கூப்பிடலம்மா. அவ்ளோதான். ரெண்டு மாசமா பாத்தேன், இன்னைக்குக் கூப்பிடுவா, நாளைக்குக் கூப்பிடுவான்னு. நீங்க வந்தா பொண்ணுக்கு பிரஷர் ஏறும்னு சொல்லிட்டா. அந்த வயித்தெரிச்சல்லதான் மோசமான ரூட்டு கேட்டு வந்தேன்.

நாலு வருஷம் முன்னாடி பொண்ணு மெயில் போட்டா. கூட வேலை பாக்கற பையன், அந்த்ரேஸ்னு பேரு, கல்யாணம் பண்ணிக்கட்டுமாப்பான்னு. நான் என்ன பண்ணேன்? அத பிரிண்ட் எடுத்து, சிவப்பு இங்க்ல பதினோரு அப்ஜெக்‌ஷன் எழுதி, ஸ்கேன் பண்ணித் திருப்பி அனுப்பினேன். சம்பள சர்டிஃபிகேட் எங்க, ரத்த குரூப் என்ன, பொறந்த நேரம் நிமிஷத்தோட வேணும். அந்தப் பையன் பொறந்த ஆஸ்பத்திரிக்கே போய் எழுதி வாங்கி அனுப்பியிருந்தான்மா. பதினொண்ணுக்கும் பதில் எழுதியிருந்தா பொண்ணு, நம்பர் போட்டு, இணைப்போட. என் பொண்ணாச்சே! படிச்சப்போ எனக்குப் பெருமையாத்தான் இருந்துது. அதோட கையெழுத்து போட்டு முடிச்சிருக்கணும். நான் பன்னண்டாவதா ஒண்ணு எழுதினேன். நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா அவ்ளோ தூரம் யாரு வந்து பாக்கறதுன்னு.

பெத்தவன் எழுதற எழுத்தா அது? என் புத்திய செருப்பால அடிக்கணும். அதுக்கப்புறம் பதிலே வரல. கல்யாண போட்டோ வந்துது, அவங்கம்மா போனுக்கு.

சரி, அதே ஃபிளைட்ல சீட்டு இருக்கா பாருங்க.

எனக்குத்தான்மா, வேற யாருக்கு? விசாவா? இருக்கு. இரும்புலியூர்ல ஒரு பிரவுசிங் சென்டர்ல உக்காந்து நானே போட்டேன். பயணத்தின் நோக்கம் என்னன்னு ஒரு கட்டம் இருந்துது. ரொம்ப நேரம் யோசிச்சு, சுத்திப் பாக்கன்னு போட்டேன். குடுத்துட்டாங்க. முன்ன பின்ன என்னத் தெரியாத கவர்ன்மென்ட்டும்மா, திருப்பி ஒரு கேள்வி கேக்கல. மஞ்சக் காய்ச்சல் ஊசியும் போட்டாச்சு. அவ கிண்டில போட்டுட்டு வந்த அடுத்த வாரமே நானும் போட்டேன். கரெண்ட் பில்லு கட்டப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன். வீட்ல ரெண்டு பேரும் ஆளுக்கொரு பொய்.

பக்கத்து சீட்டா? ஐயய்யோ! அவ எத்தனாவது வரிசை? இருபத்திரெண்டா? எனக்கு நாப்பதுக்கு மேல போடுங்க. பாத்ரூம் பக்கம் மட்டும் வேணாம், அவ நாலு தடவ எழுந்து போவா. ஏர்போர்ட்ல கண்ணுல பட்டேன்னா அங்கயே ஆட்டோ வெச்சுத் திருப்பி அனுப்பிடுவா. மேல கெளம்பிட்டா எறக்கி விட முடியாதில்ல? ஊருக்கே ரூல் சொன்னவன், கடைசில பொண்டாட்டிக்குத் தெரியாம பின் சீட்ல ஒளிஞ்சுகிட்டுப் போறேன்.

வைத்தீஸ்வரன், பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே போடுங்க. வெஜ் சாப்பாடு. இந்தக் கட்டத்துல என்ன கேக்குது? அங்க தங்கற எடமா? பொண்ணு வீடுன்னு போடுங்க. சின்மயி. போன் நம்பரா... அவங்கம்மா நேத்து குடுத்திருப்பா இல்ல, அதப் பாத்து நீங்களே போட்டுக்கோங்க. அப்படியே எனக்கும் ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்கம்மா.