நூற்றை நூற்றுப்பத்து ஆக்கிய காலை

மற்றவர்களைக் குஷிப்படுத்துவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். உங்களுக்கு இது விசாரணை, சார். எனக்கோ அது என் வாழ்க்கையிலேயே மிகச் சந்தோஷமான காலை.

என் பெயர் பிரென்னா கோவல்சுக். கனடாவின் வினிபெக்கில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் ஆப் ஒன்றில் போட்டிகளை அமைப்பவள். ஒன்றைக்கூட மறுக்காமல் தொடர்ந்து நூறு டெலிவரி முடித்தால் தங்கக் கிரீடம். கிரீடம் வாங்கியவருக்குத்தான் புது ஆர்டர்கள் முதலில் போகும். ஒன்றை மறுத்தாலும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும்.

எரித்திரியாக்காரர் டெஸ்ஃபலெம், ஜனவரிக் குளிரில் சைக்கிள் மிதித்துத் தொண்ணூற்றொன்பதைத் தொட்டார். அலுவலகமே என் திரையைச் சுற்றி நின்றது. வரைபடத்தில் அவருடைய பச்சைப் புள்ளி தெரு திரும்பும்போதெல்லாம் கைதட்டல், விசில். அந்தக் கும்மாளத்தை முடித்துவைக்க எனக்கு மனம் வரவில்லை. நூற்றை நூற்றுப்பத்து ஆக்கினேன். ஒரு தட்டுதான்.

அவர் உதவி எண்ணுக்கு அழைத்தார். நானே எடுத்தேன்.

"மேடம், நூறுன்னுதானே போட்டிருந்தீங்க? விரல் மரத்துப்போச்சு, பிரேக் பிடிக்க வரல. அரை மணி நேரம் எங்கயாவது உள்ள போய் உக்காந்துக்கவா?"

"உக்காந்தா மறுத்ததா ஆயிடுமே. இவ்ளோ தூரம் வந்துட்டு விடுவீங்களா? இங்க எல்லாரும் உங்களுக்குத்தான் கைதட்டுறாங்க, கேளுங்க."

போனைத் தூக்கிப் பிடித்தேன். எல்லோரும் கத்தினார்கள். அவரும் சிரித்துவிட்டார்.

"சரியான பைத்தியக்காரக் கூட்டம் நீங்க," என்றார். புள்ளி நகர்ந்தது. எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

நூற்றேழு முடிந்து, ஆற்றுப்பாலத்து இறக்கத்தில் புள்ளி நின்றது.

"விளையாடாத பிரென்னா, ஆம்புலன்ஸக் கூப்பிடு," என்றான் பக்கத்து மேசை மார்செல். நான் என் திரையிலிருந்தே டெஸ்ஃபலெமின் போனில் உற்சாக இசையை ஒலிக்கவிட்டேன். மூன்று முறை. ஆம்புலன்ஸை அழைத்தது மார்செல்தான். பிரேக் பிடிக்க முடியாமல் அவர் பனி அள்ளும் லாரிக்கு அடியில் போயிருந்தார். அங்கேயே உயிர் போய்விட்டது.

அவர் விழுந்தது பகல் 12.38. பதிவில் 12.30க்கே அவர் தாமாக வேலையை முடித்துக்கொண்டதாக இருக்கும். வேலையில் இல்லாதவரின் மனைவிக்கு இழப்பீடு கிடையாது என்பது எனக்குத் தெரியும். நேரத்தை மாற்றியது நான்தான், யாரும் என்னை மாற்றச் சொல்லவில்லை. தாமாக முடித்துக்கொண்டவரை ஆப் தோற்றவராகக் காட்டாது. மூன்று பாக்கி இருக்கும்போது தோற்றுப்போனார் என்று அவர் பெயருக்கு நேரே இருக்க வேண்டாமே என்றுதான்.