மேற்குச் சுவர்

காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்ப்பது என் பழக்கம். பல் தேய்க்கிறேனோ இல்லையோ, அன்றைய வானிலையைக் களக் குறிப்பேட்டில் எழுதிவிடுவேன். இருபது வருடத்தில் ஒருநாளும் தவறியதில்லை.

மண்ணை வைத்துப் பழங்காலத்து மழையைக் கண்டுபிடிப்பது என் தொழில். பத்தாயிரம் வருடத்துக்கு முன் இந்த இடத்தில் குடியிருந்தவர்கள் ஏன் கிளம்பிப் போனார்கள்? வறட்சி என்றேன் நான். அகழ்வுக் குழியின் மேற்குச் சுவரில் வெளிறிய மண்வரி ஒன்று, விரல்கடை அகலம்தான். காற்று கொண்டுவந்து போட்ட தூசி. என் புத்தகம், பதவி, பெயர் எல்லாம் அந்த ஒரு வரியை நம்பித்தான்.

அந்த மண்ணைச் சோதித்தவன் என் மனைவியின் தம்பி. தங்கமான பிள்ளை. சாப்பாட்டு மேசையில், அக்கா எதிரில், சிரித்துக்கொண்டே சொன்னான்.

"மாமா, அது வறட்சி இல்ல, வெள்ளம். பூரா தண்ணில வளர்ற கோரைப்புல்லோட மகரந்தம். உங்க ஆளுங்க தண்ணி இல்லாம ஓடல, தண்ணியப் பாத்துதான் ஓடியிருக்காங்க."

மனைவியும் சிரித்தாள். எனக்கு வயிறெரிந்தது, மறைப்பானேன். ஆனாலும், "ஒரு மண் மாதிரி போதாதுப்பா, நீயே எறங்கி இன்னொண்ணு எடு," என்று பெருந்தன்மையாகத்தான் சொன்னேன்.

மூன்று நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. அவன் இறங்குவதற்கு முந்தின நாள் மாலை, சுவரைப் படமெடுக்க, அது சரியாமல் தாங்கும் முட்டுப் பலகைகளைக் கழற்றினேன். எல்லாரும் செய்வதுதான். திரும்ப மாட்டவில்லை.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு அவன் ஏணியில் கால் வைத்தான்.

"மாமா, சுவர் நிக்குமா?"

"நிக்கும், எறங்கு."

இருபது நிமிடத்தில் சரிந்தது. தோண்டி எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. உயிரில்லை. அந்த மண்வரியும் சுவரோடு போயிற்று, இனி யாரும் அதில் மாதிரி எடுக்க முடியாது. அறிவியலுக்குப் பெரிய இழப்பு.

மனைவி என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன், நடிப்பில்லை. "பழைய மழையச் சொல்றவனுக்கு நாளைக்கு என்ன நடக்கும்னு தெரியுமா?" என்றேன். நம்பினாள்.

விசாரிக்க வந்த நீங்கள் குறிப்பேட்டைக் கேட்டீர்கள். வேறொருவர் என்றால் அந்தப் பக்கத்தைக் கிழித்திருப்பார். நான் தரவில் கைவைப்பவன் இல்லை. அன்று காலை ஏழு மணி, என் கையெழுத்துதான்: "வானம் தெளிவு. மேற்குச் சுவர் நன்றாக ஊறியிருக்கிறது. மதியம் வரை தாங்காது."

சரியாகத்தானே கணித்திருக்கிறேன்? இதை அவன் பார்த்திருக்க வேண்டும்.