ஒளிர்ந்த தட்டை நம்ப மறுத்த டொரத்தி அம்மையாருக்கு

கிள்ளானிலிருந்து முதல் கொமுட்டர் ரயிலேறி வந்து, முப்பத்திரண்டு ஆண்டுகள் எங்கள் அனைவருக்கும் முன்னே ஆய்வுக்கூடத்தின் விளக்கைப் போட்ட விடிவெள்ளியே! நுண்குழாய் பிடித்த கையில் நடுக்கமும், நோயாளியிடம் பேசிய நாவில் கடுமையும் அறியாத நல்லாளே! எங்கள் நீரிழிவு ஆய்வுக்கூடத்திலிருந்து இன்று ஓய்வு பெறும் மூத்த பணியாளர், பேரன்புக்குரிய டொரத்தி அம்மையாரே! பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் கூடியுள்ள நாங்கள் எழுந்து நின்று வணங்குகிறோம்.

நாம் ஆராயும் கட்டற்ற கொழுப்பு அமில ஏற்பிகள் என்ற பெயரைக் கேட்டாலே மிரள்பவர்கள் உண்டு. செலாயாங் பாசாருக்குக் காய்கறி லோரி ஓட்டும் அய்யாவு அவர்களும் நார்ச்சத்து ஆய்வுக்கு வந்த முதல் நாளில் மிரண்டார்.

"கொழுப்புக்கு ரிசப்டரா? எனக்குக் கொழுப்பு அதிகம்னு வீட்டுக்காரி தெனம் சொல்றாளே, அதுவாம்மா?"

"அது வேற கொழுப்புண்ணே. அதுக்கு எங்ககிட்ட மருந்து இல்ல லா!"

அவர் சிரித்து முடிப்பதற்குள் இரத்தம் எடுத்துவிட்டீர்கள். பிறகு பக்கத்தில் அமர்ந்து விளக்கினீர்கள். "நீங்க சாப்பிடற கீரை, பருப்புல இருக்கற நார்ச்சத்தையெல்லாம் கொடல்ல இருக்கற கிருமிங்க கொழுப்பு அமிலமா மாத்துது. எண்ணெயும் ஒடஞ்சு அப்படித்தான் ஆகுது. அது போயி செல்லு மேல இருக்கற ரிசப்டரைத் தொட்டா, இன்சுலின் விடுன்னு சேதி போகும், உள்ள இருக்கற அழற்சி அடங்கும். சேதி ஒழுங்கா போகலன்னாதான் வம்பு." அன்றுமுதல் அய்யாவு ஒரு பரிசோதனை நாளையும் தவறவிட்டதில்லை. இதோ, இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

உண்மையின் உறைவிடமே! இனி உங்கள் தவறு ஒன்றைச் சொல்லப்போகிறோம். பாராட்டு மடலில் தவறா என்று வியப்பவர்கள் பொறுத்துக் கேட்க வேண்டுகிறோம்.

ஈராண்டுக்கு முன், நம் தலைவர் டாக்டர் கமலநாதன் மூன்றாண்டு உழைத்து உருவாக்கிய மருந்துப்பொருளைச் சோதித்தோம். அது ஏற்பியைத் தூண்டினால், உயிரணுக்கள் வளரும் தட்டு பச்சையாக ஒளிர வேண்டும். ஒளிர்ந்தது! ஆராய்ச்சி மாணவி ஷாமினியின் முனைவர் பட்டமும், கூடத்தின் அடுத்த மானியமும் அந்த ஒளியை நம்பியிருந்தன.

மருந்தை ஆல்புமின் என்னும் புரதத்தூளோடு சேர்த்துத்தான் கரைப்போம். அந்தத் தூள் கொழுப்பு அமிலம் அறவே நீக்கியதாக இருக்க வேண்டும். தீபாவளி விடுமுறை அவசரத்தில், அருகிலிருந்த சாதாரணத் தூளைக் குப்பிகளில் நிரப்பிவிட்டீர்கள். குப்பிமேல் உங்கள் கையெழுத்து இருந்தால் இங்கே யாரும் மறுமுறை பார்ப்பதில்லை. அது எங்கள் பழக்கம். எங்கள் பிழையும் அதுவே.

மானிய விண்ணப்பம் அனுப்ப இரண்டே நாள் இருந்தபோது, கொழுப்பு நீக்கிய தூளின் ஜாடி குறையாமல் இருப்பதைக் கண்டீர்கள். மருந்தே சேர்க்காமல் குப்பியிலிருந்த தூளை மட்டும் கரைத்து ஊற்றிப் பார்த்தீர்கள். தட்டு அதேபோல் ஒளிர்ந்தது. வாய்மூடி இருந்திருந்தால் எவருக்கும் தெரிந்திராது. நீங்களோ அந்தத் தட்டோடு கூட்டத்துக்குள் நுழைந்தீர்கள்.

"டாக்டர், தப்பு என்னோடது. ரிசப்டரை எழுப்புனது உங்க மருந்து இல்ல, என் தூள்ல இருந்த கொழுப்பு. அனுப்பாதீங்க."

அதுவரை உங்களை அக்கா என்றே அழைத்து வந்த டாக்டர் கமலநாதன், "முப்பது வருஷ வேலைக்கு இதுதானா, மிஸஸ் டொரத்தி?" என்றார். அடுத்த நாளிலிருந்து நீங்கள் எங்களோடு தேநீர் குடிக்க வரவில்லை. பொருள் அறையில் தனியாகக் குடித்தீர்கள். நாங்களும் பார்த்தும் பாராதவர்களாய் இருந்தோம். அதற்காக இன்று தலைகுனிகிறோம்.

சரியான தூளில் மறுபடி சோதித்தபோது தட்டு இருண்டே கிடந்தது. மானியம் கிட்டவில்லை. ஷாமினிக்கு ஓராண்டு வீணானது. ஆனால் அவர் உங்களிடம் சொன்னது எங்கள் காதிலும் விழுந்தது: "ஒரு வருஷம்தானே ஆன்டி, போகட்டும். பொய்யான ரிசல்ட்டுக்குப் பட்டம் வாங்கி எந்தச் செவுத்துல மாட்டறது?"

பண்பின் பெட்டகமே! உங்கள் ஏற்பிகளெல்லாம் வந்த சேதியை வழுவாமல் கேட்டு, கணையம் களைப்பின்றி, கண்ணும் காலும் குறையின்றி, உற்றார் சூழ நெடுங்காலம் நீங்கள் நலமோடு வாழ வேண்டும் என நெஞ்சார வாழ்த்துகிறோம்.

இம்மடலை உங்கள் முன் நின்று வாசிக்கும் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டவர் டாக்டர் கமலநாதன். இறுதிப் பத்தி அவர் எழுதியது:

"அந்த மருந்தை எலிகளுக்கும், பிறகு அய்யாவு அண்ணனைப் போன்றவர்களுக்கும் கொடுத்துப் பார்க்கும் அளவுக்கு நான் போயிருப்பேன். தட்டிலேயே நிறுத்தினீர்கள். அன்று மாலையே உங்களிடம் வந்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் பொருள் அறையின் கதவுவரை வந்து திரும்பியிருக்கிறேன். முப்பது வருட வேலைக்கு இதுதானா என்று கேட்டேன். ஆமாம், இதுதான். இதைவிடப் பெரிய வேலையை எங்களில் ஒருவரும் செய்யவில்லை. என்னை மன்னியுங்கள், அக்கா."

என்றும் உங்கள் அன்பிற்குரிய,
கமலநாதன், ஷாமினி
மற்றும் ஆய்வுக்கூடப் பணியாளர்கள் அனைவரும்