மேற்கு ஜன்னலடிச் சாடி

முனாப் ஹாஜியார், கண்ணாடிச் சாமான் துடைக்கப் பழைய சாரன் துண்டை விட நல்லது ஒன்றும் இல்லை. புதுத்துணி நூல் விடும். சவர்க்காரம் கூடவே கூடாது, மினுக்கம் போய்விடும். இதை என் மகள் ஸுஹைனாவுக்குப் பன்னிரண்டு வயதிலேயே சொல்லிக்கொடுத்தேன். என்னைத் தவிர அந்தச் சாடியைத் தொட விட்டது அவள் ஒருத்தியைத்தான். பிள்ளைமேல் பாசமில்லாத மனிசன் என்று ஊரில் கதைக்கிறார்களாம். அதனால்தான் இதை முதலில் எழுதுகிறேன்.

நேற்று நீங்கள் வந்து அந்தக் கடிதத்தை மேசையில் வைத்து, "மஜீட் காக்கா, இது உங்கட கையெழுத்தா?" என்று கேட்டீர்கள். பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுவது எனக்குப் பாரமில்லை. புளியந்தீவில் அரசாங்கக் கச்சேரிக் கந்தோர் வாசலில் டைப் மெஷினோடு மேசை போட்டு முப்பத்தொரு வருஷம் ஊராருக்கு மனு அடித்துக் கொடுத்தவன் நான்.

சாடி எனக்குக் கிடைத்ததும் அந்த மேசையால்தான். டொரதி நோனா என்ற பறங்கிப் பெண் அவுஸ்திரேலியாவில் மகனிடம் போவதற்கு எல்லாப் பேப்பரும் நானே அடித்துக் கொடுத்தேன். போகிற கிழமை, "இது அவ்வளவு தூரம் உடையாமல் வராது மஜீட், நீ வைத்திரு" என்று தந்துவிட்டுப் போனார். இரண்டு சாண் உயரம். நிழலில் பார்த்தால் கறுத்த போத்தல்தான். வெயில் பட்டால் புறாக் கழுத்து மாதிரிப் பச்சையும் ஊதாவும் செம்பு நிறமும் ஓடும். அடியில் அந்நிய எழுத்தில் ஒரு பெயரும் இலக்கமும் கீறியிருக்கும். பழைய சாமான் சேர்க்கிற கொழும்புக்காரர் ஒருவர் வந்து பார்த்து, நூறு வருஷத்துக்கு முந்திய ஐரோப்பியக் கண்ணாடி என்றார். தரச்சொல்லிக் கெஞ்சினார். நான் கொடுக்கவில்லை.

எங்கள் ஹோலின் மேற்கு ஜன்னல் ஆற்றைப் பார்த்தது. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து, சாய்மனைக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தால், ஆற்றுத் தண்ணீரில் பட்டு வரும் வெயில் அரை மணித்தியாலம் சாடியில் நிற்கும். நாள் முழுக்க அடுத்தவன் கஷ்டத்தை அடித்துவிட்டு வருகிறவனுக்கு அந்த அரை மணித்தியாலம் போதும்.

வீடு என்னுடையது இல்லை. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும், வீடு பெண்பிள்ளைக்கு, மாப்பிள்ளை வந்து இருக்கிறவன். நான் ஸஹீதாவைக் கலியாணம் முடித்து வந்த அன்றே அவளின் வாப்பாவும் உம்மாவும் குசினிக்குப் பின்னால் இருக்கிற அறைக்குப் போனார்கள். தான் கட்டிய வீட்டின் ஹோலுக்குள் வர, மாமா வாசலில் நின்று ஒருதரம் இருமுவார். நான் "வாங்க மாமா" என்ற பிறகுதான் காலெடுத்து வைப்பார். பதினாறு வருஷம் அப்படி இருமினார். அந்த அறை ஜன்னலை மதில் மறைத்திருக்கிறது.

ஸுஹைனாவுக்கு இருபத்து மூன்று வயதில் ஏறாவூரிலிருந்து நௌஷாட் என்ற மாப்பிள்ளை பேசி வந்தது. வீடு பார்க்க வந்த அவனுடைய கூடப்பிறந்த ராத்தா மேற்கு ஜன்னலடியில் நின்று கையால் அளந்து, "இவடத்துல பிரிஜ்ஜ வெச்சா அளவா இருக்கும்" என்றாள். சாடியைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஸஹீதா வாயெல்லாம் பல்லாக, "உங்கட வீடுதானே, விரும்பினாப்போல வைங்க" என்றாள்.

அடுத்த நாள் பகல் சாப்பாட்டை ஒதுக்கிவைத்துவிட்டு நௌஷாட்டின் வாப்பாவுக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். மெஷினில் அடித்தால் தெரிந்துவிடும், கையைச் சரித்து எழுதினேன். வீட்டுக் காணிக்கு வழக்கு இருக்கிறது என்றுதான் எழுதினேன். பிள்ளையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர்கள் பிறகு வரவில்லை.

மூன்று வருஷம் கழித்து ஓட்டமாவடி இர்ஷாத் வீட்டார் வந்தார்கள். அவர்கள் கெட்டிக்காரர்கள், முதலில் காணி உறுதிப் பத்திரத்தைத்தான் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். ஆகவே காணிக்கதை எடுபடாது. பிள்ளைக்கு வலிப்பு என்று எழுதினேன். நோய் வருத்தம் அல்லாஹ் தருவது, அதில் யாருக்கும் கேவலமில்லை.

ஸஹீதாவுக்கு நெஞ்சு வெடித்துவிட்டது. யாரோ பொறாமை எரிச்சலில் செய்கிற வேலை என்று கண்டுகொண்டாள். யார் என்பதில் மட்டும் பிழைவிட்டாள். ஒரே வளவில் அடுத்த வீட்டில் இருந்த தங்கை றிஸானாவின் வாசலில் போய் நின்று, "என்ட புள்ளட வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியேடி" என்று கத்தினாள். றிஸானா குர்ஆனில் சத்தியம் பண்ண வந்தாள், இவள் கேட்கவில்லை. நடுவில் தகரவேலி அடிக்கச் சொன்னாள். ஆள் பிடிக்காமல் நானே நின்று அடித்தேன்.

இரண்டு வருஷத்தில் ஸஹீதா மௌத்தானாள். அதற்கு முதல் வீட்டை மகளின் பெயருக்கு எழுதிவைத்தாள். மையித்தை அடக்கத்துக்கு எடுக்கும்போது றிஸானா தகரத்துக்கு அந்தப்பக்கம் நின்று அழுதாள். கூப்பிடுவோமா என்று யோசித்தேன். கூப்பிட்டால் பழைய கதை கிளறும் என்று விட்டுவிட்டேன்.

ஸாஜித்தைப் பற்றி நீங்கள் கட்டாயம் கேட்பீர்கள். ஸுஹைனாவோடு படிப்பிக்கிற மாஸ்டர். அவளாகவே வந்து சொன்னாள், "நல்ல மனிசன் வாப்பா. நம்மட சாடியப் பத்திச் சொன்னன், பாக்க ஆசையாம்." முப்பத்தொரு வயதில் பிள்ளையின் முகத்தில் அப்படி ஒரு வெட்கம்.

உம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். நான் அஸர் தொழுதுவிட்டு வந்தபோது என் கதிரையில் இருந்தான். சாடியில் வெயில் நின்றது. கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டு, "ஸுஹைனா, இத எந்தக் காலத்திலயும் இந்த எடத்தால எடுக்கப்படா" என்றான். நல்ல வார்த்தைதான். நான் சொல்லியிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் நான் வாசலில் நின்றேன் ஹாஜியார். நின்று இருமியிருக்கிறேன், எனக்கே தெரியாது. அவன் நிமிர்ந்து பார்த்து, "வாங்க வாப்பா, வந்து இரிங்க" என்றான்.

மூன்றாவது கடிதத்தில் பிள்ளையின் நடத்தையைப் பற்றி எழுதினேன். என்ன எழுதினேன் என்பதை நீங்கள் வாசித்துவிட்டீர்கள். அதைத் திரும்ப எழுதக் கை கூசுகிறது.

ஸாஜித் நம்பவில்லையாம். அவன் உம்மா நம்பினாள், நஞ்சு குடிப்பேன் என்று நின்றாள். அவனுக்கு வேறிடத்தில் கலியாணம் முடிந்தது. இந்தக் கிழமைதான் பழைய புத்தகம் ஒன்றுக்குள்ளிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து, "இது உங்கட கையில இருக்கட்டும் டீச்சர்" என்று ஸுஹைனாவிடம் கொடுத்திருக்கிறான். கையெழுத்தை வைத்து அவள் என்னைப் பிடிக்கவில்லை. வலப்பக்க மூலையில் திகதி இருந்தது. நடுவில் 'விடயம்' என்று எழுதி அடியில் கோடு இருந்தது. மொட்டைக் கடிதத்துக்கு விடயம் போடுகிற ஆள் இந்த மாவட்டத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன். கடிதம் எழுத அவளுக்குப் படிப்பித்தவனும் நான்தான்.

"பொய் எழுதக்குள்ளயும் கோடு கீறித்தானா வாப்பா எழுதுவீங்க?" என்று கேட்டாள். அவ்வளவுதான். அழவில்லை. சாரன் துண்டால் சாடியைப் பக்குவமாகச் சுற்றி, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய்ப் பின்னறையில் வைத்தாள். பிறகு என் கட்டிலையும் அங்கே போட்டாள். தகரவேலியைக் கழற்றி றிஸானாவை உள்ளே கூட்டிவந்தாள். இரண்டு பேரும் குசினிக்குள் இருந்து அழுத சத்தம் என் அறைக்குக் கேட்டது. மறுநாள் மேற்கு ஜன்னலடிக்குப் பெரிய பிரிஜ் ஒன்று வந்து இறங்கியது. அதற்குப் பிறகுதான் உங்களிடம் வந்திருக்கிறாள்.

மேற்படி விடயங்கள் யாவும் உண்மை. மூன்று கடிதங்களையும் நானே எழுதினேன். நிர்வாகம் என்ன முடிவெடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் சாடி யாருக்கும் ஒரு குற்றமும் செய்யவில்லை. பின்னறையில் அது கறுத்த போத்தலாக நிற்பதைப் பார்க்க வயிறு எரிகிறது. ஆகவே, பிரிஜ்ஜை ஒரு முழம் தள்ளி வைத்து, சாடியைப் பழைய இடத்திலேயே வைக்கும்படி தாங்கள் மகளுக்குப் புத்தி சொல்லவேண்டுமெனத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். கூடவே, என் கதிரையையும்.